வீழ்ந்தவனும் வீழ்த்தியவனும்

"இந்த நாடு உருப்பட வேண்டுமானால் ஐந்து வருஷத்துக்கு மிலிட்டரி ஆட்சி வரவேண்டும், சார்!"

இந்த வாக்கியத்தைக் கேட்டிராத தமிழர் இருக்க முடியாது. ரயிலில் கேட்கலாம். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது கேட்கலாம். முடி வெட்டும் கடையில், கழுத்தைச் சுற்றித் துணி கட்டியிருக்கும் நேரத்தில், பதில் சொல்ல வழியில்லாமல் கேட்கலாம். சொல்லுகிறவர் பெரும்பாலும் சாதுவான மனிதராகவே இருப்பார். தெருவில் இரண்டு பேர் சண்டை போட்டால் அடுத்த தெரு வழியாக வீட்டுக்குப் போகிறவர். நாட்டைத் திருத்துவதற்கு மட்டும் அவருக்குத் துப்பாக்கி தேவைப்படுகிறது.

கந்தர்வக்கோட்டையில் ஒருநாள் தஞ்சாவூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, டீக்கடை பெஞ்சியில் இதே வாக்கியம் என் காதில் விழுந்தது. சொன்னவர் ஒரு விவசாயி. முந்திரியும் கடலையும் போடுகிறவர். தகப்பனார் பேரில் இருந்த நிலத்தைத் தம் பேருக்குப் பட்டா மாற்ற எட்டு மாதம் அலைந்திருக்கிறார். எந்த மேஜைக்கு எவ்வளவு என்று வரிசையாகச் சொன்னார். அவர் சொன்ன கணக்கில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் கோபத்திலும் குற்றம் இல்லை. கணக்கை முடித்துவிட்டு, "மிலிட்டரிக்காரன் வந்து இவனுகளைச் சுவரோரமா நிக்க வச்சாத்தாங்க சரிப்படும்" என்றார். பக்கத்திலிருந்த மூன்று பேர் ஆமோதித்தார்கள். நாலாமவர் எல்லாரையும்விட வயதில் மூத்தவர். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எங்க சித்தப்பா பர்மாவுல கடை வச்சிருந்தாரு" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் யாரும் அவரைக் கேட்கவில்லை.

அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவில் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை நாம் மறந்துவிட்டதால்தான் முதல் பேச்சு இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது.

மிலிட்டரி ஆட்சி வேண்டும் என்கிற அபிப்பிராயத்தை முட்டாள்தனம் என்று தள்ளிவிடுவது சுலபம். ஜனநாயகத்தின் பெருமையைப் பற்றி இரண்டு பாரா எழுதினால் போதும். ஆனால் பட்டாவுக்காக எட்டு மாதம் அலைந்தவனுக்கு ஜனநாயகத்தின் பெருமை காதில் ஏறாது. "திருடனைத் திருடன் என்று சொல்லவும் விடமாட்டீர்களா?" என்று அவன் கேட்பான். தாராளமாகச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் திருடனை அடித்து விரட்டிவிட்டான் என்பதனாலேயே, விரட்டியவன் வீட்டுக்காரன் ஆகிவிட மாட்டான்.

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. வீழ்ந்த சர்க்கார் நல்ல சர்க்காரா என்பது ஒன்று. அதை வீழ்த்த இவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு "நல்ல சர்க்கார் இல்லை" என்று பதில் சொன்னவர், இரண்டாவதற்கும் "யாரும் கொடுக்கவில்லை" என்று பதில் சொல்லலாம். ஒன்றைச் சொன்னதனால் மற்றது வாயில் அடைபட வேண்டியதில்லை. ஆனால் நடப்பது என்ன? ராணுவப் புரட்சியைக் கண்டித்தால், "ஓஹோ, அந்தக் கொள்ளைக்காரர்களுக்கு நீர் வக்கீலா?" என்கிறார்கள். கொள்ளைக்காரர்களைக் கண்டித்தால், "அப்படியானால் ராணுவம் செய்தது சரிதானே?" என்கிறார்கள். நடுவில் நிற்க இடமில்லை என்று இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து தீர்மானித்துவிடுகிறார்கள். அந்த இடம் உண்டு என்பதுதான் என் வாதம்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் இந்தக் குழப்பத்தின் ஊற்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நம் தொடர்கதைகளிலும் சினிமாக்களிலும் வில்லன் அடிபட்டவுடன் கதை முடிந்துவிடுகிறது. அடித்தவன் மறுநாள் காலையில் என்ன செய்தான், அந்த வீட்டை விட்டுப் போனானா, அங்கேயே தங்கிவிட்டானா என்று எந்த வாசகரும் கடிதம் எழுதிக் கேட்பதில்லை. 'முற்றும்' என்று போட்டுவிட்டால் திருப்தியாகப் படுத்துக்கொள்கிறார். சரித்திரம் எழுதுகிறவனுக்கு 'முற்றும்' போடும் வசதி கிடையாது. ராணுவப் புரட்சி கடைசி அத்தியாயம்போல வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. வந்த பிறகுதான் அது முதல் அத்தியாயம் என்பது தெரிகிறது.

பர்மாவின் கதை அப்படித்தான் நடந்தது.

பர்மா தமிழனுக்கு அந்நிய நாடாக இருந்ததில்லை. செட்டிநாட்டிலும் புதுக்கோட்டைச் சீமையிலும் வானம் பார்த்த பூமியை நம்பிப் பிழைக்க முடியாதவர்கள் கப்பலேறிப் போன நாடு அது. செட்டியார்கள் லேவாதேவிக் கடை வைத்தார்கள். கணக்கப்பிள்ளைகளும் சமையற்காரர்களும் கூடவே போனார்கள். கூலிகள் வயல்களிலும் ரங்கூன் துறைமுகத்திலும் உழைத்தார்கள். 1930களின் பொருளாதார மந்தத்துக்குப் பிறகு, கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறக்குறையக் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பர்மியக் குடியானவனுக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். நிலத்தைப் பறிகொடுத்தவன் கோபம் எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான். 1942இல் ஜப்பானியர் வந்தபோது லட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். வழியிலேயே பல்லாயிரம் பேர் மாண்டார்கள். யுத்தம் முடிந்ததும் பலர் திரும்பிப் போனார்கள். பிழைப்பு அங்கேதான் இருந்தது.

1948 ஜனவரி 4இல் பர்மா சுதந்திரம் அடைந்தது. நாட்டுக்குத் தலைமை தாங்கியிருக்க வேண்டிய ஆங் சான் ஆறு மாதத்துக்கு முன்பே சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பிரதம மந்திரியாக வந்தவர் ஊ நூ. தனிப்பட்ட முறையில் நல்லவர், பக்திமான், நாடகமும் நாவலும் எழுதியவர். எழுத்தாளர் ஆளவந்தால் நாட்டுக்கு நன்மைதான் என்று வாதாட விரும்புகிறவர்கள் மட்டும் அவரை உதாரணம் காட்டாமல் இருப்பது நல்லது.

ஊ நூ யோக்கியர். அவர் கட்சி அப்படியில்லை. இறக்குமதி லைசென்சுகள் கட்சிக்காரர்களுக்குப் போயின. அவர்கள் அவற்றை வியாபாரிகளுக்கு விற்றுக் காசாக்கினார்கள். கிராமங்களில் கட்சிப் பிரமுகர்கள் ஆயுதம் தாங்கிய ஆட்களை வைத்துக்கொண்டு ராஜ்யம் நடத்தினார்கள். 1958இல் ஆளும் கட்சி இரண்டாகப் பிளந்தது. ஊ நூவின் கோஷ்டி தன்னைச் 'சுத்தமான' கட்சி என்று அழைத்துக்கொண்டது. எதிர்க் கோஷ்டி 'ஸ்திரமான' கட்சி என்று பேர் வைத்துக்கொண்டது. சுத்தமும் ஸ்திரமும் சேர்ந்து ஒரே கட்சியில் இருக்க முடியாது என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட அரசியல்வாதிகள் வேறு எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

பர்மாத் தமிழர்களுக்குத் தனிக் குறைகளும் இருந்தன. 1948ஆம் வருஷத்து நிலத் தேசியமயச் சட்டம் செட்டியார்களின் நிலத்துக்கு ஆபத்தாக வந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தவர்களில் பலருக்குப் பிரஜா உரிமை கிடைக்கவில்லை. 1961இல் ஊ நூ பௌத்தத்தை அரசாங்க மதம் ஆக்கினார். கிறிஸ்தவர்களான கச்சின் ஜனங்கள் கொதித்தார்கள். அதே வருஷத்தில் நாட்டைப் பிடித்த பீடை நீங்குவதற்காக 60,000 மணல் ஸ்தூபிகள் கட்டும்படி அவர் சர்க்கார் உத்தரவிட்டது. ஷான் நாட்டுத் தலைவர்கள் சமஷ்டி ஆட்சி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மணல் ஸ்தூபி போதவில்லை.

ஆகவே 1962இல் ஊ நூவுக்காகக் கண்ணீர் விட ஒரு பர்மாத் தமிழனுக்குக் காரணம் எதுவும் இல்லை. இதை நான் மூடிமறைக்கப் போவதில்லை. மறைத்தால் மேலே சொல்லப்போகும் எதற்கும் மதிப்பு இருக்காது.

இப்போது மிலிட்டரி ஆட்சி வேண்டும் என்கிறவர்களின் பக்கத்தில் உள்ள மிகப் பலமான சாட்சியத்தையும் வைத்துவிடுகிறேன். 1958 அக்டோபரில் ஊ நூவே சேனாதிபதி நே வின்னைக் கூப்பிட்டு, ஆறு மாதம் நாட்டைப் பார்த்துக்கொள்ளும்படி ஆட்சியை ஒப்படைத்தார். ஆறு மாதம் ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஆனால் அந்த ஒன்றரை வருஷ ஆட்சி திறமையாகவே நடந்தது. ரங்கூன் தெருக்களில் குப்பை அள்ளினார்கள். தெருவை அடைத்துக் குடிசை போட்டிருந்தவர்களில் லட்சத்துக்கு மேற்பட்டவர்களை நகரத்துக்கு வெளியே ஒக்கலாப்பா முதலிய புதுக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். விலைவாசி இறங்கியது. ராணுவம் தன் சாதனைகளைத் தொகுத்து ஒரு தடித்த புத்தகமே போட்டது.

பிறகு, சொன்னபடி தேர்தலையும் நடத்தினார்கள். 1960 பிப்ரவரியில் ஜனங்கள் வோட்டுப் போட்டார்கள். ராணுவத்தின் தயவு ஸ்திரக் கட்சிக்கு இருந்தது என்பது ஊரறிந்த ரகசியம். ஜெயித்தது யார்? ஊ நூ. அதுவும் சாதாரண ஜெயம் அல்ல, பெரும் ஜெயம்.

பர்மா ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? குப்பை அள்ளியவனை விட்டுவிட்டுக் குப்பை சேர விட்டவனையே மறுபடி அழைப்பானேன்? மிலிட்டரி ஆட்சியின் அபிமானிகள் அவசியம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. அந்த ஜனங்கள் ஒன்றரை வருஷம் திறமையான ஆட்சியை அனுபவித்தவர்கள். கூடவே, ஏன் என்று கேட்க முடியாத ஆட்சியையும் அனுபவித்தார்கள். குடிசையைப் பிரிக்க வந்த சிப்பாயிடம், "மழைக்காலம் முடியட்டும் ஐயா" என்று சொல்ல முடியாது. ஊ நூவிடம் சொல்லலாம். அவர் காரியம் செய்யாமல் போகலாம், ஆனால் கேட்பார். அடுத்த தேர்தலில் அவர் நம் வாசலுக்கு வந்தாக வேண்டும். அதற்காகவே ஊ நூவை மறுபடி அழைத்தார்கள் என்று நான் நினைக்கிறேன். ஊ நூவின் யோக்கியதைக்குக் கொடுத்த சர்ட்டிபிகேட்டாக அந்த வோட்டை எடுத்துக்கொள்ளக்கூடாது. கேள்வி கேட்கும் உரிமையைத் தங்கள் கையில் வைத்துக்கொள்ளக் கிடைத்த வழி அது.

அந்த உரிமை இரண்டு வருஷந்தான் இருந்தது. 1962 மார்ச் 1ஆம் தேதி இரவு நே வின் ரங்கூனில் சீன நாட்டியக் குழு ஒன்றின் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினார். மறுநாள் விடிவதற்குள் ஊ நூவும் மந்திரிகளும் ஷான் தலைவர்களும் கைதாகிவிட்டார்கள். ரத்தம் சிந்தாத புரட்சி என்று பேர் வாங்கிய புரட்சி அது. சிந்திய ரத்தம் முன்னாள் ஜனாதிபதி சாவ் ஷ்வே தாயிக்கின் மகனுடையது. பதினேழு வயதுப் பையன். தகப்பனார் அந்த வருஷ நவம்பரில் சிறையில் இறந்தார்.

ரங்கூன் பெரும்பாலும் பேசாமல் இருந்தது. சிலர் உள்ளூர மகிழ்ந்தும் இருப்பார்கள். போன தடவை குப்பை அள்ளியவர் அல்லவா? முதலில் எதிர்த்து நின்றவர்கள் மாணவர்கள். ஜூலை 7ஆம் தேதி ரங்கூன் சர்வகலாசாலையில் அவர்களைச் சுட்டார்கள். சர்க்கார் கணக்கில் பதினைந்து பதினாறு பேர்; மற்றவர்கள் கணக்கில் அதைப்போலப் பல மடங்கு. மறுநாள் விடியற்காலையில் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அது சுதந்திரப் போராட்டத்தில் ஆங் சானும் ஊ நூவும் மாணவத் தலைவர்களாக வளர்ந்த இடம். அன்றைக்கு நே வின் ரேடியோவில் பேசியதன் சாரம்: வாளுக்கு வாள், ஈட்டிக்கு ஈட்டி. பிள்ளைகள் கையில் வாளும் இல்லை, ஈட்டியும் இல்லை.

தமிழனின் முறை அடுத்து வந்தது. 1963இல் பாங்குகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1964 மார்ச்சில் கடைகள். காலையில் கடை திறக்கப் போனவர் வாசலில் சிப்பாய் நிற்பதைக் கண்டார். சரக்கைக் கணக்கெடுத்துக்கொண்டு, கடைக்கு ஒரு நம்பர் கொடுத்து, 'மக்கள் கடை' என்று பலகை மாட்டினார்கள். அதே மாதத்தில் மற்ற எல்லாக் கட்சிகளையும் தடை செய்தார்கள். மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். அந்த 1960களில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். தமிழர்களை ஏற்றிய கப்பல்கள் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தன. ரங்கூனில் ஏறும்போது நகைகளைப் பறித்துக்கொண்டதை இறங்கியவர்கள் வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் பீச் ஸ்டேஷனுக்கு எதிரில் அவர்களுக்காக ஏற்பட்டதுதான் பர்மா பஜார். மனம் பொறுக்காமல் தரை வழியாகத் திரும்பிப் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. அங்கே இன்றும் தமிழர்கள் இருக்கிறார்கள்.

"கடைகளைத் தேசியமயமாக்குவது ஒரு பொருளாதாரக் கொள்கை. ஜனநாயக சர்க்காரும் அதைச் செய்யலாமே?" என்று கேட்கலாம். செய்யலாம். கந்தர்வக்கோட்டையே ஒரு காலத்தில் ஜமீன் ஊர்தான். சென்னை மாகாணத்து ஜமீன்களை ஒழித்தது 1948ஆம் வருஷத்து 26ஆவது சட்டம். மசோதா வந்தது, சட்டசபையில் விவாதம் நடந்தது, ஜமீன்தார்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், நஷ்டஈடு பற்றி வழக்காடினார்கள், கடைசியில் ஜமீன் போயிற்று. ஜமீன்தாருக்கு வருத்தந்தான். ஆனால் அவருக்கும் மனுப் போட ஓர் இடம் இருந்தது. ரங்கூனில் கடையை இழந்தவருக்குப் போக இடம் இல்லை. சட்டசபை கலைந்துவிட்டது. பத்திரிகைகள் சர்க்கார் கைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஊ நூவைப் பிடிக்காது என்று வாய்மூடி இருந்தவர், தம் முறை வந்தபோது தமக்காகப் பேச ஊ நூகூட வெளியில் இல்லை என்று கண்டார்.

சரி, லஞ்சமாவது ஒழிந்ததா? அதுவும் இல்லை. மக்கள் கடையில் அரிசியும் எண்ணெயும் கிடைக்காமற்போகவே, கள்ளச்சந்தைதான் நாட்டின் நிஜமான சந்தை ஆயிற்று. 1987 செப்டம்பரில் ஒருநாள் 25, 35, 75 கியாத் நோட்டுகளை நஷ்டஈடு இல்லாமல் செல்லாதவையாக்கினார்கள். மாற்றாக வந்தவை 45, 90 கியாத் நோட்டுகள். ஒன்பதால் வகுபடும் எண்கள்! 60,000 மணல் ஸ்தூபிகளைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இப்போது சிரிக்க அனுமதி இல்லை. ஒரு காலத்தில் உலகத்துக்கு அரிசி அனுப்பிய நாடு அந்த வருஷக் கடைசியில் மிகப் பின்தங்கிய நாடுகளின் ஜாபிதாவில் சேர்ந்தது. ஐந்து வருஷம் கேட்டவர்களுக்கு இருபத்தாறு வருஷம் கிடைத்தது. 1988இல் நே வின் விலகிய பிறகும் ராணுவம் விலகவில்லை.

ஒரு நாட்டின் கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பார்கள். பாகிஸ்தானில் 1958 அக்டோபர் 7ஆம் தேதி ஜனாதிபதி இஸ்கந்தர் மிர்ஸா, அரசியல்வாதிகளின் ஊழலைச் சொல்லி ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். கதவைத் திறந்துவிட்ட மிர்ஸாவையே இருபது நாளில் அயூப் கான் கப்பலில் அல்ல, விமானத்தில் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பினார். அதே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஜெயித்த புரட்சி தானே சட்டமாகிவிடும் என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு தவறு என்று அதே கோர்ட் ஒப்புக்கொள்ளப் பதினாலு வருஷம் ஆயிற்று. ஒப்புக்கொண்ட பிறகும் 1977இலும் 1999இலும் ராணுவம் வந்தது. 1999இல் வந்தபோது தெருவில் மிட்டாய் வழங்கியவர்களும் உண்டு.

இலங்கையின் உதாரணம் இன்னும் சங்கடமானது. 1961இல் தமிழர்கள் தங்கள் மொழிக்காக யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் செய்தார்கள். சிறிமாவோ பண்டாரநாயகாவின் சர்க்கார் ராணுவத்தை அனுப்பியது. செல்வநாயகம் முதலிய தலைவர்களைக் காவலில் வைத்தது. அடுத்த ஜனவரியில், 1962ஆம் வருஷம் 27ஆம் தேதி இரவு, அந்தச் சர்க்காரைக் கவிழ்க்க ராணுவ, போலீஸ் அதிகாரிகள் சிலர் திட்டமிட்டார்கள். விஷயம் முன்னதாகவே கசிந்து, திட்டம் குலைந்தது. சதிகாரர்களில் சிங்களவர், பறங்கியர், தமிழர் எல்லாரும் இருந்தார்கள். ஒரு தமிழன் அந்தச் சதி ஜெயிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தால் அவனைக் கோபிக்க முடியுமா? கோபிக்க முடியாது, ஆனால் ஒன்று கேட்கலாம். ஒரு பிரதம மந்திரியின் கட்டளைக்கு யாழ்ப்பாணம் வந்த ராணுவம், கட்டளையிட யாருமே தேவையில்லை என்று ஆன பிறகு யாழ்ப்பாணத்தில் எப்படி நடந்துகொள்ளும்?

அதன் மறுபாதியையும் சொல்ல வேண்டும். சதிகாரர்களைத் தண்டிக்க அந்தச் சர்க்கார், நடந்து முடிந்த குற்றத்துக்குப் பின்னால் போய்ப் பொருந்தும்படி ஒரு விசேஷச் சட்டம் செய்தது. பதினோரு பேருக்குத் தண்டனை கிடைத்தது. 1965 டிசம்பரில் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டமே செல்லாது என்று எல்லாரையும் விடுதலை செய்தது. சதியை எதிர்த்தவர் அந்தச் சட்டத்தையும் எதிர்த்திருக்க வேண்டும். ராணுவத்தை எதிர்க்கிறோம் என்பதற்காகச் சர்க்காருக்கு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடக்கூடாது. இரண்டையும் மறுப்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது இங்கேதான் தெரிகிறது.

நம் தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு பரீட்சை வந்தது. துப்பாக்கி இல்லாத பரீட்சை. 1975 ஜூனில் எமர்ஜென்ஸி வந்தது. 1976 ஜனவரி 31ஆம் தேதி, ஐந்து வருஷத் தவணை முடிய இரண்டு மாதங்கூட இல்லாத நிலையில், தி.மு.க. மந்திரிசபையை டில்லி நீக்கியது. காரணங்களில் ஊழலும் ஒன்று. விசாரிக்கச் சர்க்காரியா கமிஷன் வந்தது. அந்தக் குற்றச்சாட்டுகள் அற்பமானவை அல்ல. ஆனால் ஊழலுக்குத் தண்டனை என்று சொல்லிச் செய்த காரியத்தோடு கூடவே வந்தவை என்ன? விசாரணையில்லாத சிறை, பத்திரிகைத் தணிக்கை, சென்னை மத்திய சிறையில் தடியடி. நம் மத்தியதர வகுப்பார் பலர் அப்போது, "ரயில் நேரத்துக்கு வருகிறது" என்று திருப்தி அடைந்தார்கள். தி.மு.க. ஆட்சியை மேடைக்கு மேடை கண்டித்துவந்த காமராஜர் எமர்ஜென்ஸியை ஏற்கவில்லை. அந்த மனவேதனையோடுதான் 1975 அக்டோபர் 2இல் கண்ணை மூடினார். இரண்டு மறுப்பும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும் என்பதற்கு நம் வீட்டு உதாரணம் அவர். 1977 ஜூனில் தேர்தல் வந்தது, தி.மு.க. தோற்றது. ஜனங்களே செய்யக்கூடிய காரியம் அது. அதைச் செய்ய அவர்களுக்குச் சிறைச்சாலைகள் தேவைப்படவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நியாயமான ஆட்சேபம் மிஞ்சுகிறது. "உம்முடைய வாதம் அடுத்த தேர்தல் ஒழுங்காக நடக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. பணம் கொடுத்து வோட்டு வாங்குகிறவன் தேர்தலையே தின்றுவிட்டால்?" உண்மைதான். ஊழல் சர்க்காரின் பெரிய குற்றம் அது வாங்கிய லஞ்சம் அல்ல. வோட்டுச் சீட்டின்மேலேயே ஜனங்களுக்கு வெறுப்பு வரும்படி செய்கிறதே, அதுதான் பெரிய குற்றம். சேனாதிபதிக்குப் பாய் விரித்துக் கொடுப்பது அந்த வெறுப்பு. 1958இல் ஊ நூ கையாலேயே பாயை விரித்தார். ஆகவே வீழ்ந்தவர்களை அனுதாபத்தினால் மன்னித்துவிடக்கூடாது. வீழ்த்தியவனைக் கண்டிக்கும் அதே கட்டுரையில், அதே பாராவில், அவர்கள் கணக்கையும் கேட்க வேண்டும். வீழ்ந்த அன்றே தியாகியாகிவிட வழி செய்து கொடுத்தால், திரும்பி வரும்போது பழைய பழக்கங்களோடேயே வருவார்கள். பூட்டிய கதவைத் திறக்கவேண்டிய அவசியம் வந்தால் அதை ஜனங்கள் கூட்டமாகச் சேர்ந்து செய்ய வேண்டும். கூட்டத்திடம் பிறகு விவாதிக்கலாம், படையிடம் முடியாது.

இப்படி இரண்டு மறுப்பையும் ஒரே மூச்சில் சொன்னவர்களைக் காண மறுபடியும் பர்மாவுக்கே போக வேண்டும். 2017இல் ராணுவத்தின் கொடுமைக்குப் பயந்து ஏழு லட்சம் ரோஹிங்கியாக்கள் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். 2019 டிசம்பரில் ஆங் சானின் மகள் ஆங் சான் சூ கீ, ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் தம் நாட்டுக்காக, அதாவது அந்த ராணுவத்துக்காக, வாதாடினார். 2021 பிப்ரவரி 1ஆம் தேதி அதே ராணுவம் அவரையும் கைது செய்தது. அகதி முகாமில் இருந்த ரோஹிங்கியா ஒருவன், "நன்றாக வேண்டும்" என்று சொல்லியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அவர்களில் பலர் புரட்சியை எதிர்க்கும் அடையாளமாக மூன்று விரலை உயர்த்திப் படம் எடுத்து வெளியிட்டார்கள். ரங்கூன் தெருக்களில் ஊர்வலம் போன பர்மிய இளைஞர்கள் சிலர், ரோஹிங்கியாக்களுக்காக முன்பே பேசாததற்கு மன்னிப்புக் கேட்கும் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தங்களைக் கைவிட்டவரையும் மன்னிக்கவில்லை. அவரை வீழ்த்தியவனையும் வாழ்த்தவில்லை. எழுத்து வாசனை அதிகம் இல்லாத முகாம் ஜனங்களால் செய்ய முடிந்ததை, தினம் பத்திரிகை படிக்கிற நம்மால் செய்ய முடியாதா?

ஆகையால், அடுத்த தடவை யாராவது ஐந்து வருஷத்து மிலிட்டரி ஆட்சியைச் சிபாரிசு செய்தால், அவருடைய கோபத்தோடு சண்டைக்குப் போகாதீர்கள். கோபம் நியாயமானது. "ஐந்து வருஷம் முடிந்ததும் அவனைப் போகச் சொல்லப்போவது யார்?" என்று மட்டும் கேளுங்கள். இன்று ஆள்கிறவன் அயோக்கியனாகவே இருக்கட்டும். அவன் நம்மால் நீக்கக்கூடிய அயோக்கியன். நம்மால் நீக்க முடியாத ஒரு யோக்கியனுக்காக அவனை மாற்றிக்கொள்ள வேண்டாம்.